ஒன்ராறியோவில் கார் மெக்கானிக் ஆக வருகிறீர்களா? முதலில் பெயரைப் பதியுங்கள்

ஊரில் எஞ்சின் இறக்கி ஏற்றிப் பழகியவர்களுக்கு இங்கே முதல் வேலை பெரும்பாலும் தெரிந்தவர் ஒருவரின் கராஜில்தான் கிடைக்கும். "வாரும், முதலில் பழகும், மிச்சத்தைப் பிறகு பார்ப்பம்" என்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஸ்காபரோவில் ஒரு சின்னக் கராஜில் இரண்டு பனிக்காலம் டயர் மாற்றினேன், பிரேக் போட்டேன், ஒயில் மாற்றினேன். சம்பளம் கையில் காசாக வந்தது. மூன்றாம் வருடம் மெக்கானிக் சான்றிதழுக்கு என்ன வழி என்று விசாரித்தபோதுதான் என் பெயர் எங்குமே பதியப்படவில்லை என்று தெரிந்தது. அந்த இரண்டு வருடத்தில் ஒரு மணித்தியாலம்கூட என் கணக்கில் ஏறவில்லை. புதிதாக வருகிற ஒருவருக்கும் அது நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கார், சிறிய வான், பிக்கப் திருத்தும் தொழிலை ஒன்ராறியோவில் 310எஸ் (310S) என்ற குறியீட்டால் சொல்வார்கள். லொறி, பஸ் வேலை 310டி (310T). அடிபட்ட வாகனத்தின் பொடியை, அதாவது உடற்பகுதியை, நிமிர்த்தும் வேலை 310பி (310B). இவை மூன்றும் கட்டாயச் சான்றிதழ் தேவைப்படும் தொழில்கள். அதாவது, சான்றிதழ் உள்ளவராகவோ பதிவு செய்த தொழிற்பயிலுநராகவோ (அப்ரெண்டிஸ்) இருந்தால்தான் இந்த வேலையைச் செய்யலாம். ஆகவே பதியாமல் வேலை செய்வது உங்கள் காலத்தை மட்டும் வீணாக்குவதில்லை, சட்டப்படியும் பிழை.

பதிவைப் பார்க்கிற அமைப்பின் பெயர் ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ. 2022 முதல் இந்தப் பொறுப்பு அவர்களிடம்தான் இருக்கிறது. பதிய இரண்டு விஷயம் முக்கியம். 10ஆம் வகுப்பு முடித்ததற்கான அத்தாட்சி ஒன்று. உங்களைப் பயிற்றுவிக்கச் சம்மதிக்கும் வேலை வழங்குநர் மற்றது. அவரை ஸ்பொன்சர் என்பார்கள். அவரும் நீங்களும் பயிற்சி ஒப்பந்தத்தில் கையொப்பம் வைத்து, அது பதியப்பட்ட பிறகுதான் நீங்கள் தொழிற்பயிலுநர். முதலாளி "பதிவு போட்டாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது. உங்கள் பெயரில் வந்த உறுதிப்படுத்தலைக் கண்ணால் பாருங்கள், ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.

மொத்தம் 7,220 மணித்தியாலம். அதில் 6,500 வேலைத்தலத்தில், 720 வகுப்பில். கிழமைக்கு 40 மணித்தியாலம் தவறாமல் வேலை செய்தாலும் வேலைத்தலப் பகுதிக்கே மூன்று வருடத்துக்கு மேல் போகும். வகுப்பு மூன்று கட்டம், ஒவ்வொன்றும் 240 மணித்தியாலம். பெரும்பாலானோர் எட்டுக் கிழமை வேலையை விட்டுப் போய் ஒரு கட்டத்தை ஒரேயடியாக முடிப்பார்கள். கிழமையில் ஒரு நாள் மட்டும் போகும் வகுப்புகளும் உண்டு. ஸ்காபரோவில் இருப்பவர்களுக்குச் சென்ரெனியல் கல்லூரியின் ஆஷ்டன்பீ வளாகம் பக்கத்தில் இருக்கிறது. ஓஷாவா, ஏஜாக்ஸ் பக்கம் இருப்பவர்கள் டர்ஹம் கல்லூரியில் விசாரித்துப் பார்க்கலாம்.

வேலைத்தலப் பயிற்சிக்கு ஒரு லொக் புத்தகம் உண்டு. ஒவ்வொரு திறனையும் நீங்கள் சரியாகச் செய்து காட்டியபின் பயிற்றுவிப்பவர் அதில் கையொப்பம் இடுவார். இதை மாதா மாதம் நிரப்புங்கள். நாலு வருடம் கழித்து ஒரேயடியாக நிரப்பலாம் என்று விட்டவர்கள், அதற்குள் கராஜ் கைமாறி, கையொப்பம் வைக்க ஆள் இல்லாமல் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தைப் புரட்டினால் நீங்கள் எதைப் பழகவில்லை என்பதும் தெரியும். ஒரு வருடமாக டயரும் ஒயிலும் மட்டுமே செய்துகொண்டிருந்தால், ஸ்டியரிங், மின்சுற்று, ட்ரான்ஸ்மிஷன் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அதைக் காட்டி வேலை கேளுங்கள். கேட்டும் தரவில்லை என்றால் வேறு கராஜ் தேடுங்கள். ஸ்பொன்சரை மாற்றலாம், சேர்ந்த மணித்தியாலங்கள் உங்களோடு வரும்.

ஊரில் பல வருட அனுபவம் இருந்தால் முழுப் பயிற்சியையும் முதலிலிருந்து செய்யத் தேவையில்லை. தொழில் சமத்துவ மதிப்பீடு என்று ஒரு வழி இருக்கிறது. உங்கள் அனுபவமும் திறனும் இங்குள்ள பயிற்சிக்கு ஈடு என்று பத்திரங்களால் நிரூபித்தால், நேரே சான்றிதழ்ச் சோதனை எழுத அனுமதி கிடைக்கும். சிக்கல் பத்திரத்தில்தான். "இவர் எங்களிடம் நன்றாக வேலை செய்தார்" என்று இரண்டு வரியில் தந்த கடிதம் உதவாது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எந்த வகை வாகனம், பிரேக்கா எஞ்சினா மின்சாரமா, என்னென்ன செய்தார் என்று விபரமாக இருக்க வேண்டும். எழுதியவரின் தொடர்பு விபரமும் வேண்டும். ஊரில் எடுத்த என்விகியூ, ஐடிஐ, நைட்டா சான்றிதழ் எதுவானாலும் கொண்டு வாருங்கள். தமிழிலோ சிங்களத்திலோ இருப்பவற்றை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். இன்னும் புறப்படவில்லை என்றால் இந்தக் கடிதங்களை அங்கேயே வாங்கிவிடுங்கள். பழைய முதலாளி கராஜை மூடிவிட்டால் இங்கிருந்து தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

அனுமதி கிடைத்தாலும் உடனே சோதனைக்கு ஓடாதீர்கள். ஊரில் கை நன்றாக ஓடியவர்கள்கூட இங்கே தடுமாறுவது மின்னணு நோயறிதலில். கனடாவில் 1998ஆம் ஆண்டிலிருந்து வந்த கார்களில் ஓபிடி-2 இருக்கிறது, அதாவது காரே தன் குறைகளைக் கண்டு பதிந்து வைக்கும் முறை. ஸ்கேனரைக் கொழுவினால் ஒரு கோட் (குறைக்கான குறியீடு) வரும். கோட் என்பது எந்தப் பாகத்தை மாற்றச் சொல்கிறது என்ற கட்டளை அல்ல, எங்கே தேடத் தொடங்கலாம் என்ற குறிப்பு மட்டுமே. பி0171 வந்தால் எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை அல்லது காற்று கூடிப்போயிற்று என்று பொருள். காரணம் வெடித்த வாக்குவம் குழாயாக இருக்கலாம், அழுக்கேறிய காற்றளவு சென்சராக இருக்கலாம், தளர்ந்த பெற்றோல் பம்பாக இருக்கலாம். ஒக்சிஜன் சென்சரைத் தூக்கி மாற்றிவிட்டு வாடிக்கையாளரிடம் காசு வாங்கினால் மூன்று நாளில் வாகனம் திரும்பி வரும்.

மல்ரிமீற்றரைக் கையில் பழக்குங்கள், குறிப்பாக வோல்டேஜ் இறக்கம், அதாவது வயரிலேயே எவ்வளவு வோல்டேஜ் வீணாகிறது என்று அளக்க. இங்கே பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் வயர்களைத் தின்றுவிடும். ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது என்றதும் பற்றரி, ஸ்டார்ட்டர் இரண்டையும் மாற்றுகிறவர்கள் உண்டு. பற்றரியின் நெகட்டிவ் முனையில் மீற்றரின் ஒரு கம்பி, எஞ்சின் புளொக்கில் மற்றது, ஒருவர் ஸ்டார்ட் பண்ணும்போது அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் பிழை வயரில். பத்து நிமிட வேலை, வாடிக்கையாளருக்கு நூற்றுக்கணக்கான டொலர் மிச்சம்.

துருவும் ஊரில் நாங்கள் பழகாத ஒன்று. பத்து வருடக் காரில் போல்ட்டைப் பலத்தால் முறுக்கினால் தலை கையோடு வரும். ஊடுருவும் ஒயில் அடித்து விட்டு, தேவையானால் சூடு காட்டி, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். சக்கர நட்டை எப்போதும், இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்சால்தான் இறுதியாக இறுக்க வேண்டும்.

ஆங்கிலம் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். கதைக்கிற ஆங்கிலத்தைவிட வாசிக்கிற ஆங்கிலம்தான் இந்தத் தொழிலில் உங்களைத் தூக்கிவிடும். தினமும் அரை மணித்தியாலம் சேவிஸ் மனுவல் வாசியுங்கள். வேலைச் சீட்டில் வாடிக்கையாளர் சொன்ன குறை, நீங்கள் கண்டுபிடித்த காரணம், செய்த திருத்தம் மூன்றையும் ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் எழுதக் கொடுக்காதீர்கள். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு லிங்க் (LINC) எனும், புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்புகள் இலவசம்.

காசு விஷயம். வகுப்புக்குப் போகும் கிழமைகளில் வேலைக் காப்புறுதி (ஈஐ) எடுக்கலாம், தேவையான மணித்தியாலங்கள் சேர்ந்திருந்தால். முழுப் பயிற்சிக்கும் ஒரு தடவை மட்டுமே காத்திருப்புக் காலம், அதாவது தொடக்கத்தில் காசு வராத காலம், உண்டு. நிரந்தர வதிவாளர்களும் பாதுகாப்பு அந்தஸ்து பெற்றவர்களும் ஒவ்வொரு கட்ட வகுப்புக்கும் 4,000 டொலர் வரை வட்டியில்லாக் கனடியத் தொழிற்பயிலுநர் கடன் கேட்கலாம். வாங்கிய ஆயுதங்களுக்கு (வேலைக் கருவிகளுக்கு) வரியில் கழிவும் உண்டு, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். கையில் காசு வாங்கி வேலை செய்தால் இதில் பெரும்பகுதியை நிரூபிக்கவே முடியாது. சம்பளச் சீட்டு கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

ஆயுதங்களை இங்கே மெக்கானிக் தன் காசில்தான் வாங்க வேண்டும். கராஜுக்குக் கிழமைக்கு ஒருமுறை ஆயுத வான் வரும், தவணைக்குத் தருவார்கள். முதல் வருடத்திலேயே பெரிய பெட்டி வாங்கிக் கடனில் மாட்டிக்கொள்ள வேண்டாம். 3/8 அங்குல ரெச்சட், 8 முதல் 19 மில்லிமீற்றர் வரை சொக்கட்டும் ரெஞ்சும், நல்ல மல்ரிமீற்றர், டோர்க் ரெஞ்ச், பச்சை முக்கோணக் குறி போட்ட பாதுகாப்புச் சப்பாத்து, கண்ணாடி. தொடங்குவதற்கு இவை போதும். ஜி1 என்ற பழகுநர் லைசென்ஸோடு தனியாக வாகனம் ஓட்டிப் பார்க்க முடியாது, ஆகவே ஓட்டுநர் அனுமதியையும் தள்ளிப்போடாதீர்கள். ஏசி வாயுவைக் கையாள, ஓசோன் படலத்தைக் காப்பது பற்றிய பயிற்சிக்கான ஓடிபி (ODP) அட்டை தனியாக எடுக்க வேண்டும்.

புதியவர்கள் பயத்தில் வாய் திறக்காத இடம் பாதுகாப்பு. காரைத் தூக்கும் லிஃப்டின் கையில் உள்ள பூட்டு வேலை செய்யவில்லை என்றால் அதன் கீழே போகாதீர்கள். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையை ஒன்ராறியோச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. அதற்காக வேலையை விட்டு நிறுத்தவோ தண்டிக்கவோ முடியாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் செம்மஞ்சள் நிறக் கேபிளைக் கண்டால் பயிற்சி இல்லாமல் தொடவே கூடாது. 1,000 வோல்ட்டுக்கு ஏற்ற கையுறை போட்டு, உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்து, தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, மீற்றரால் பூச்சியம் என்று பார்த்த பிறகுதான் கை வைக்கலாம். கையில் காயம் பட்டால் அன்றே முதலாளிக்குச் சொல்லி, வைத்தியரிடமும் வேலையில் நடந்தது என்று சொல்லுங்கள்.

கடைசியில் சோதனை. நாலு விடையில் ஒன்றைத் தெரிவு செய்யும் கேள்விகள், 70 வீதம் எடுத்தால் சித்தி. 310எஸ் சோதனையில் சித்தியடைந்தால் ரெட் சீல் முத்திரையும் கிடைக்கும், மற்ற மாகாணங்களிலும் அது செல்லும். தொழில் தெரிந்தவர்கள் தவறுவது "முதலில் எதைச் செய்வீர்கள்" போன்ற கேள்விகளில். நாலு விடையும் செய்யக்கூடியவையாக இருக்கும், முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கராஜில் அவசரத்தில் நாங்கள் தாண்டிப் போகிற, கண்ணால் பார்த்துச் சோதிப்பது, பியூஸ் பார்ப்பது, வாடிக்கையாளரின் குறையை ஓட்டி உறுதிப்படுத்துவது போன்றவைதான் அங்கே பெரும்பாலும் சரியான விடை. ரெட் சீல் தளத்தில் இந்தத் தொழிலின் தராதர ஆவணம் இலவசமாக இருக்கிறது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கு என்று அதில் போட்டிருக்கும். அதை அச்சடித்து, தெரியாத ஒவ்வொரு வரியின் கீழும் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலையில் உங்களைப் பயிற்றுவிக்கிறவரிடம் போய், இன்றைக்கு இதைக் காட்டித் தாருங்கள் என்று கேளுங்கள்.