கொடைக்கானலில் சின்னப் பொட்டலம், பெரிய அவசரம்: வெளிமாநிலத்திலிருந்து வந்து கஞ்சா கேஸில் மாட்டினால்

பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் சனி ஞாயிறுக்கு மலையேறும் நம் பிள்ளைகளில் சிலர், வட்டக்கானலிலோ பூம்பாறைப் பக்கமோ ஒரு சின்னப் பொட்டலத்தோடு மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டிய நிமிஷத்தில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: எவ்வளவு ஆனாலும் கட்டிவிட்டு, இன்றைக்கே வத்தலக்குண்டு இறங்கிவிட வேண்டும். கேஸைவிட அந்த அவசரம்தான் அதிகம் கெடுக்கிறது. நான் வக்கீல் இல்லை, கொடைக்கானலில் அறை வாடகைக்கு விடுகிறவன். தங்க வந்தவர்களுக்காக ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய்வந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், உங்கள் கேஸில் உங்கள் வக்கீல் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் எடையைப் பாருங்கள். இது 1985-ஆம் ஆண்டின் மத்தியப் போதைப்பொருள் சட்டம், என்டிபிஎஸ் என்பார்கள், அதனால் எந்த மாநிலத்தில் பிடிபட்டாலும் தண்டனை ஒன்றுதான். கஞ்சா 1 கிலோ வரை சிறு அளவு: அதிகபட்சம் 1 வருடம் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவைத் தாண்டினால் 10 வருடம் வரை போகும், 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, அதற்குக் குறைந்தது 10 வருடம். சரஸ், அதாவது கஞ்சாப் பிசின் என்றால் சிறு அளவு 100 கிராம்தான். கையில் எதுவும் இல்லாமல் புகைத்ததற்கு மட்டும் கேஸ் போட்டால் 27-ஆம் பிரிவு, கஞ்சாவுக்கு 6 மாதம் வரை.

ஆனால் "சின்ன கேஸ்தானே" என்ற நினைப்பு கஞ்சாவோடு நிற்கட்டும். எல்எஸ்டி ஸ்டாம்ப்பில், அதாவது அந்தப் போதைப்பொருளில் நனைத்த சின்னக் காகிதத்தில், சிறு அளவு 2 மில்லிகிராம், வணிக அளவு 0.1 கிராம். கலவை என்றால் கலந்த பொருளையும் சேர்த்தே எடை போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது, காகிதத்தையும் சேர்த்து எடை போட்டால் சட்டைப் பையில் இருக்கும் சில ஸ்டாம்ப்களே குறைந்தது 10 வருடம் என்ற கணக்கில் கொண்டுபோய் நிறுத்தும். எக்ஸ்டஸி என்று சொல்லும் எம்டிஎம்ஏவுக்குச் சிறு அளவு அரை கிராம். போதைக் காளான் விஷயமும் அப்படித்தான், "காட்டில் தானாக முளைத்தது சார்" என்பது வாதமே ஆகாது, அதிலிருக்கும் சைலோசைபின் என்ற போதைப்பொருள் இந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ளது. காளானை முழுசாக எடை போடக் கூடாது, அதிலிருக்கும் சைலோசைபினைத்தான் பார்க்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் ஒரு ஜாமீன் மனுவில் சொன்னது உண்மைதான், ஆனால் கொடைக்கானல் கேஸ் போவது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு, கேரளத் தீர்ப்பு அங்கே கட்டாயம் இல்லை. இந்த மாதிரிப் பொருள் என்றால் இதற்குமேல் படித்து நேரத்தைக் கடத்தாமல் நேராக வக்கீலைப் பிடியுங்கள். இனி சொல்வதெல்லாம் சிறு அளவு கஞ்சாவுக்கு.

சோதனை போடும்போது எதிர்க்காதீர்கள், ஓடாதீர்கள், பொட்டலத்தைப் பள்ளத்தில் வீசாதீர்கள். உங்கள் உடம்பைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை அவர்களே சொல்லியாக வேண்டும், அது 50-ஆம் பிரிவு. தோள்பையையோ காரையோ சோதிப்பதற்கு அது பொருந்தாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. எத்தனை மணி, எந்த இடம், யார் எடுத்தார்கள், எடை போட்டார்களா, சாட்சி யார், எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வக்கீல் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான்.

பெயர், ஊர், முகவரியில் பொய் வேண்டாம், மலைக்கு வர எடுத்த இ-பாஸில் வண்டி நம்பர் வரை ஏற்கெனவே பதிவாகியிருக்கும். அதற்கு மேல் யாரிடம் வாங்கினேன், யாரோடு பங்கு போட்டேன் என்று கதை சொல்ல வேண்டாம், "வக்கீல் வந்ததும் பேசுகிறேன் சார்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். போலீஸிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாதுதான், ஆனாலும் அதை வைத்து அடுத்தடுத்த ஆட்களை இழுப்பார்கள், "எல்லோருக்கும் சேர்த்து நான்தான் வாங்கினேன்" என்ற வீரவசனம் ஒரு பொட்டலத்தை அறையில் இருந்த நாலு பேர் தலையிலும் கட்டிவிடும். எஃப்ஐஆரும், பறிமுதல் விவரம் எழுதும் மகஜரும் தமிழில் இருக்கும். பெங்களூரில் வளர்ந்து தமிழ் பேச மட்டும் தெரிந்த பிள்ளை என்றால் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். வெற்றுத் தாளில் மட்டும் யார் சொன்னாலும் போடக் கூடாது.

அப்புறம் "பேசி முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் வருவார், டிரைவராகவோ புரோக்கராகவோ இருக்கலாம், போலீஸே இல்லாத ஆளாகவும் இருக்கலாம். லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று 2018-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

7 வருடம் வரை தண்டனை உள்ள கேஸில் கைது கட்டாயம் இல்லை, நோட்டீஸ் கொடுத்து அனுப்பலாம். கைது செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வீட்டில் ஒருவருக்குத் தகவல் சொல்ல வைக்க வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் அப்பாவோ அக்காவோ, ஒருவர் நம்பராவது மனப்பாடமாக இருக்கட்டும். வக்கீலுக்கு வழியில்லை என்றால் 15100-க்கு அழையுங்கள், அது சட்டப்பணிகள் ஆணையத்தின் நம்பர். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பெங்களூரிலிருந்து பெரிய வக்கீலைக் கூட்டிவருவதைவிட, அந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தினமும் நிற்கிற உள்ளூர் வக்கீல் முதல் வாரத்துக்கு அதிகம் உதவுவார் என்பது என் அபிப்பிராயம்.

வணிக அளவுக்கு இருக்கும் 37-ஆம் பிரிவின் கெடுபிடி சிறு அளவுக்கு இல்லை, அதனால் ஜாமீன் கிடைப்பது பெரும்பாலும் சிக்கல் ஆவதில்லை. கையெழுத்துப் போட ஆள் கிடைப்பதுதான் சிக்கல். இரண்டு ஜாமீன்தாரர் என்பார்கள், ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது என்று கேட்பார்கள், இந்த மலையில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? லாட்ஜ்காரர் போட மாட்டார், நானும் போட மாட்டேன். வெளியூர்க்காரனிடம் உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது சரியல்ல என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978-லேயே மோத்தி ராம் வழக்கில் சொல்லிவிட்டார், வேற்று மாநிலத்தில் பிடிபட்ட தமிழனும் மலையாளியும் ஜாமீனுக்கு எங்கே போவார்கள் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார். 2023-இல் உச்ச நீதிமன்றம் அதையே திரும்பவும் சொன்னது. வக்கீலிடம் இதை எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள், ஜாமீன்தாரருக்குப் பதில் பணம் கட்ட அனுமதி கேட்கலாம், கூடவே திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இருக்கும் சித்தப்பா, மாமாவுக்கும் ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள், வெட்கம் பார்த்தால் இன்னும் இரண்டு ராத்திரி உள்ளேதான். கோர்ட் வாசலில் காசுக்குக் கையெழுத்துப் போடும் ஆள் மட்டும் வேண்டாம், அவர் காட்டும் ரசீது போலி என்றால் உங்களுக்கு இரண்டாவது கேஸ்.

ஜாமீனோடு கண்டிஷன் வரும், தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து என்று. சீசனில் கொடைக்கானல் அறை வாடகை உங்களுக்கே தெரியும். வேலை, படிப்புக்கான சான்றிதழைக் காட்டி, உங்கள் ஊர் ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ கையெழுத்துப் போட அனுமதி கேட்டு மனுப் போடலாம். தளர்த்தும்வரை ஒரு நாள்கூட விடக் கூடாது. வாய்தாவுக்கும் அப்படித்தான், வர முடியாத நாளில் வக்கீல் வழியாக மனு போக வேண்டும், பேசாமல் இருந்துவிட்டால் வாரண்ட் ஆகிவிடும், அது பாஸ்போர்ட் நேரத்திலோ ஏர்போர்ட்டிலோ தலைகாட்டும்.

இனி அந்த அபராத விஷயம். "ஒத்துக்கோ, ஃபைன் கட்டு, போய்க்கிட்டே இரு" என்று நல்லெண்ணத்தில்தான் பலரும் சொல்வார்கள். ஒத்துக்கொண்டு கட்டும் அபராதம் டிராஃபிக் ஃபைன் மாதிரி இல்லை, அது குற்றவாளி என்ற தீர்ப்பு. அரசு வேலைப் படிவத்தில், போலீஸ் சரிபார்ப்பில், வெளிநாட்டு விசா விண்ணப்பத்தில் "தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டியிருக்கும். முதல் தடவை என்று நன்னடத்தையில் விடும் சலுகையையும் இந்தச் சட்டம், 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு, 26, 27-ஆம் பிரிவுகளைத் தவிர மற்றவற்றில் தடுக்கிறது. ஆகவே வக்கீல் எஃப்ஐஆர், மகஜர், தடயவியல் அறிக்கை மூன்றையும் படிக்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். பூவும் காயும் உள்ள நுனிதான் சட்டப்படி கஞ்சா, தனி இலையும் விதையும் அதில் சேராது என்பதுகூட அந்த அறிக்கையைப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று, 1 வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு 1 வருடக் காலவரம்பு உண்டு, ஆனால் 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் எஃப்ஐஆர் பதிவான நாளையே அதற்குக் கணக்கில் எடுக்கிறார்கள். நாள் தாண்டியிருந்தால் மதுரைக் கிளையில் ரத்து செய்யக் கேட்கலாம், தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் கோர்ட்டுக்கு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். ஊட்டி, நீலகிரிக் கூடலூர் கேஸ் என்றால் இதே மனு சென்னைக்குப் போகும்.

பழக்கம் முற்றிப்போன பிள்ளை என்றால் வழி வேறு. தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முடித்தால் 64ஏ பிரிவில் வழக்கிலிருந்தே விலக்கு கேட்கலாம். பாதியில் விட்டால் அந்த விலக்கும் போய்விடும். இது கேஸுக்காக நடிக்கிற இடம் இல்லை, உண்மையாகவே தேவைப்படுகிறவருக்கு மட்டும்.

காரையும் பிடித்து வைத்திருந்தால், கேஸ் முடியும்வரை அது மழையில் துருப்பிடிக்கட்டும் என்று விட வேண்டாம். இந்தச் சட்டத்தில் பிடிபட்ட வண்டியையும் இடைக்காலமாக விடுவிக்கத் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ், உரிமையாளரின் ஆதார் ஆகியவற்றோடு மனுப் போடுங்கள். வாடகைக் கார் என்றால் மனுப் போட வேண்டியவர் அதன் உரிமையாளர், அவரிடம் விஷயத்தை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.