இத்தாலிய அமைதி ஆட்டம்: டி4-க்கு நேரம் பார்ப்பது எப்படி?

சதுரங்கத்தில் இப்படித் தொடங்கும் ஆட்டம் இது (வெள்ளையின் நகர்வு முதலில், கருப்பின் நகர்வு அடுத்து; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்): 1. இ4 இ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. மந்திரி சி4, மந்திரி சி5 4. சி3, குதிரை எஃப்6 5. டி3 டி6 6. இரு தரப்பும் ராஜா பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றிவைப்பது).

ஜுவோகோ பியானிஸ்ஸிமோ என்று இதற்குப் பெயர்; இத்தாலிய மொழியில் 'மிக அமைதியான ஆட்டம்'. 2000-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியில் காஸ்பரோவுக்கு எதிராக கிராம்னிக், கருப்புக்கான பெர்லின் தடுப்பைக் காட்டிய பிறகு, மூன்றாம் நகர்வில் மந்திரியை பி5-க்கு அனுப்பும் ஸ்பானிஷ் ஆட்டத்தில் வெள்ளைக்கு வழி குறுகியது. பின்னாளில் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

வெள்ளையின் குறி ஒன்றுதான்: டி3 சிப்பாயைச் சரியான நேரத்தில் டி4-க்குத் தள்ளுவது. உடனே 7. டி4 ஆடினால் இ4 சிப்பாய்க்குக் காவல் இல்லை. கருப்பு இ5-ஆல் டி4-ஐ வெட்டும், நீங்கள் சி3-ஆல் திருப்பி வெட்டுவீர்கள், மந்திரி பி6-க்குப் பின்வாங்கும். இ4-ஐக் காக்கக் குதிரையை சி3-இல் வைத்தால் கருப்பின் இன்னொரு மந்திரி ஜி4-க்கு வந்து எஃப்3 குதிரையைக் கட்டிவிடும்; அது நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராணி போய்விடும். டி4 சிப்பாயின் காவல் தளர்ந்துவிடும்.

ஆகவே ஜி4-க்கு எந்தக் காயும் வராதபடி முதலில் 7. எச்3. பலர் இங்கே எச்3-க்கு முன்பே யானையை இ1-க்கு நகர்த்துகிறார்கள். அந்த யானைதான் எஃப்2-ஐக் காத்துக்கொண்டிருந்தது! கருப்புக் குதிரை ஜி4-க்குத் தாவும், யானை இ2-இல் போய் ஒடுங்கும், பிறகு ராஜா எச்8, எஃப்5 என்று தாக்குதல் வந்துவிடும். எச்3 முடிந்ததும் யானை இ1.

இப்போது பி1 குதிரையின் பயணம்: டி2, எஃப்1, ஜி3. யானை விலகினால்தான் எஃப்1 காலியாகும்; வரிசை முக்கியம் என்பது இதனால்தான். குதிரை டி2-இல் நிற்கும்வரை சி1 மந்திரிக்கும் ராணிக்கும் வழி அடைபட்டிருக்கும். அது ஜி3-க்குப் போனதும் இ4-க்கு யானை, குதிரை என இரட்டைக் காவல். டி4-க்குப் பின்னால் ராணி. டி4 ஆட வேண்டிய நேரம் இதுவே.

இடையில் சி4 மந்திரியைப் பறிகொடுக்காதீர்கள். கருப்புக் குதிரை ஏ5-க்கு வந்தால் அதன் நோக்கம் அந்த மந்திரிதான். முன்கூட்டியே பி3-க்கு நகர்த்தி, தேவைப்பட்டால் சி2-க்குப் போகலாம். சி3 ஆடியதால் கிடைத்த இன்னொரு பலன் அந்தக் கட்டம். கருப்பு மந்திரி இ6-க்கு வந்து பரிமாற்றத்துக்கு அழைத்தாலும் நீங்களாக வெட்ட வேண்டாம்: எஃப்7 சிப்பாய் இ6-க்கு வந்து டி5, எஃப்5 கட்டங்களைக் காக்கும், எட்டாம் வரிசை யானைக்கு எஃப் பாதையும் திறக்கும்.

இன்னொரு தவறு, மந்திரியை அவசரமாக ஜி5-க்கு அனுப்புவது. கருப்பு காஸ்லிங் செய்யாதபோது எச்6, ஜி5 என்று சிப்பாய்களால் விரட்டலாம். அந்தப் பக்கம் ராஜா இல்லாததால் அதற்கு ஆபத்து குறைவு. காஸ்லிங் முடிந்தபின் அதே ஜி5 அதன் ராஜாவின் வேலியையே பிரித்துவிடும்.

டி6 ஆடாமல் கருப்பு நேரே டி5 தள்ளினால் வெட்டுங்கள். இ1 யானையும் எஃப்3 குதிரையும் இ5-ஐக் குறிவைக்கும். பி4, பி5 என்று முன்னேறி, இ5-ஐக் காக்கும் சி6 குதிரையை விரட்டப் பாருங்கள்.