ஏற்காடு இறக்கத்தில் தெரிந்த பிரேக் கோளாறு

பழைய டீசல் எஸ்யூவி ஒன்றை வாங்கும்போது இன்ஜின், டயர், பெயின்ட் எல்லாம் பார்த்தேன். பிரேக்கை மட்டும் ஊருக்குள் நாலு தடவை மிதித்துப் பார்த்ததோடு சரி. முதல் வாரமே ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவு. பாதி இறக்கத்திலேயே பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறியது, காலை எடுத்த பிறகும் வண்டி இடப்பக்கம் இழுத்தது. கருகல் வாடை வேறு. ஓரங்கட்டி ஆறவிட்டு, இரண்டாவது கியரிலேயே இறக்கினேன்.

சேலத்தில் மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றியதும், "தம்பி, இங்க பாருங்க" என்றார். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேட்களால் கவ்விப் பிடிப்பது காலிபர். இடது முன் காலிபர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைடு பின் துருவேறி இறுகியிருந்தது. உள்பக்க பேட் தகடாகத் தேய்ந்திருக்க, வெளிப்பக்கத்தது பாதிக்கு மேல் மிச்சம். டிஸ்க் நீலம் பாய்ந்து, விளிம்பில் நகம் தடுக்கும் அளவுக்கு வரப்பு. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். அளந்தால் அதற்கும் கீழே. லேத்தில் கடையவும் வழியில்லை. இரண்டு பக்கமும் டிஸ்க், பேட் புதிது; ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ்; கறுத்துப்போன பிரேக் ஆயிலை முழுசாக வடித்து டாட் 4 ரகப் புது ஆயில். ஈரத்தை உறிஞ்சும் ஆயில் அது, 2 வருஷத்துக்கு மேல் விடக்கூடாது.

இப்போது மச்சானுக்கு வண்டி பார்க்கிறோம். ஓட்டிவிட்டு வந்ததும் நாலு சக்கரத்துக்கும் கிட்டே கையைக் கொண்டுபோய் எது மட்டும் தனியாகக் கொதிக்கிறது என்று பார்க்கிறேன். இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்திப் பிடிக்கிறேன். மெல்ல உள்ளே இறங்கினால், பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் மேல்தான் சந்தேகம். சாவி போட்டதும், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். விற்பவர் முகம் சுளிக்கிறார்தான், சுளிக்கட்டும்.