படுக்கப் போகும்போது அவுட்புட்டைக் குறையுங்கள்

பிரிட்டனில் எகானமி 7 கட்டணத்தில் (இரவில் மட்டும் மின்சாரம் மலிவான திட்டம்) ஸ்டோரேஜ் ஹீட்டர் (இரவில் சூட்டைச் சேர்த்து வைத்துப் பகலில் தரும் ஹீட்டர்) வைத்திருப்பவர்கள், படுக்கப் போகுமுன், சூட்டை வெளியே விடும் 'அவுட்புட்' குமிழை அடிமட்ட எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். வேலைக்குக் கிளம்பும்போதும் அப்படியே. வீடு திரும்பியதும் கூட்டிக்கொள்ளலாம்.

ஹீட்டருக்குள் இருக்கும் கனமான செங்கற்கள், இரவில் 7 மணி நேரம் கிடைக்கும் மலிவு மின்சாரத்தில் சூடேறுகின்றன. அவுட்புட் குமிழ் திறப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறு தகட்டை. அது திறந்தே கிடந்தால், சேரும் சூடு நீங்கள் தூங்கும்போதே வெளியேறிவிடும். மாலையில் ஹீட்டரைத் தொட்டால் சில்லென்றிருக்கும். அப்புறம் பகல் கட்டணத்தில் 'பூஸ்ட்' (உடனடிக் கூடுதல் சூடு) போட வேண்டிவரும். காசு கரைவது அங்கேதான்.

'இன்புட்' குமிழ் வேறு, இரவில் எவ்வளவு சூடு சேர வேண்டும் என்பதை வைப்பது அது. மறுநாள் எவ்வளவு குளிரும் என்று பார்த்து அதை முதல்நாள் மாலையே வையுங்கள். தயவுசெய்து ஹீட்டர்மேல் ஈரத்துணி மட்டும் காயப்போடாதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

தெர்மோஸ்டாட்டும் விசிறியும் உள்ள புது மாடல்கள் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும், குமிழைத் தேட வேண்டாம். இரவும் பகலும் ஒரே கட்டணம் என்றால் இரவு மின்சாரத்தால் லாபமில்லை. முதலில் கட்டணத் திட்டத்தை மாற்றப் பாருங்கள்.