சொத்து வரி ஏறினால்: சீட்டைப் பிரித்துப் பார்ப்பதும் செலவைத் தோண்டுவதும்

வரிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டால் ஒரு காசும் குறையாது. சீட்டின் அடியில் இருக்கும் தொகைக்குள் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன: உங்கள் சொத்துக்குப் போட்ட மதிப்பு, அந்த மதிப்பின் மேல் உள்ளாட்சி மன்றம் வைத்த விகிதம், கூடவே ஒட்டிக்கொண்டு வரும் குப்பை, வடிகால், நூலகம் வகைத் தனிக் கட்டணங்கள். மதிப்பில் தப்பு என்றால் மதிப்பீட்டு அலுவலகத்துக்கும் அதற்கு மேலுள்ள தீர்ப்பாயத்துக்கும் போக வேண்டும். விகிதம் அதிகம் என்றால் பட்ஜெட் கூட்டத்துக்கு. மதிப்பைக் குறைக்கச் சொல்லும் மனுவில் "எங்கள் தெருவில் விளக்கே எரிவதில்லை" என்று எழுதுவதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. அந்த அதிகாரிக்கு விளக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. மனு ஒரே வரியில் தள்ளுபடியாகும்.

ஆகவே முதல் வேலை, போன ஆண்டுச் சீட்டையும் இந்த ஆண்டுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது ஏறியது என்று பிரிப்பது.

விகிதம் குறைந்தது, வரி ஏறியது

ஊர் முழுக்க மறுமதிப்பீடு நடந்து எல்லாச் சொத்துகளின் மதிப்பும் 40 சதவீதம் ஏறியது என்று வையுங்கள். உள்ளாட்சிக்குப் பழைய வருமானமே போதும் என்றால் விகிதத்தை 1.4-ஆல் வகுக்க வேண்டும். அதாவது பழைய விகிதத்தில் 71.4 சதவீதம். அப்படிச் செய்யாமல் "மக்கள் நலன் கருதி விகிதத்தில் 10 சதவீதம் குறைத்துள்ளோம்" என்று அறிவித்தால், 1.4 × 0.9 = 1.26. குறைத்த பிறகும் 26 சதவீத உயர்வு. அறிவிப்பில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் இதில் சாமர்த்தியம். மறுமதிப்பீட்டு ஆண்டில் மன்றத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பழைய மொத்த வசூலையே தரக்கூடிய விகிதம் எவ்வளவு, நீங்கள் வைத்த விகிதம் எவ்வளவு? புதிதாகக் கட்டிய வீடுகளால் கூடிய வருமானத்தைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் கலந்தால் கணக்கு குழம்பும்.

மதிப்பைச் சரிபார்ப்பது

உங்கள் சொத்துக்கு அலுவலகத்தில் ஒரு பதிவு இருக்கும்: பரப்பு, கட்டிய ஆண்டு, கூரை வகை, பயன்பாடு (குடியிருப்பா, கடையா), சொந்தக் குடியிருப்பா வாடகையா என்பவை. அதன் நகலை முதலில் வாங்குங்கள். மேல்முறையீட்டில் ஜெயிக்கும் வழக்குகள் பெரும்பாலும் சட்ட வாதத்தால் ஜெயிப்பதில்லை, டேப்பால் ஜெயிக்கின்றன.

அளப்பவர் அவசரத்தில் வீட்டின் அதிகபட்ச நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிவிட்டுப் போயிருப்பார். 40 அடிக்கு 30 அடி, 1,200 சதுர அடி. பின்பக்க மூலையில் 12-க்கு 10 அடி திறந்த வெளி விட்டிருந்தால் நிஜம் 1,080 தான். பதிவில் உள்ளது வெளிச்சுவர் அளவா உள் அளவா என்று முதலில் தெரிந்துகொண்டு, அதே முறையில் அளந்து பாருங்கள். திறந்த மாடிப்படி, பால்கனி, கார் நிறுத்தம் ஆகியவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். விதியைப் படித்துவிட்டே வாதாடுங்கள். பரப்பை வைத்துப் படிநிலை போடும் இடங்களில் சில சதுர அடிகூடப் பெரிய வித்தியாசம். தமிழ்நாட்டில் 2022-ல் அறிவித்த உயர்வு, சென்னையின் பழைய பகுதிகள் நீங்கலாக, குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று இருந்தது. 1,190 சதுர அடி வீட்டைத் தப்பாக 1,220 என்று எழுதினால், 30 சதுர அடிப் பிழை ஒரு முழுப் படியைத் தூக்கிவிடும்.

அளவு சரியாக இருந்தால் அடுத்தது ஒப்பீடு. அதே தெருவில் அல்லது அடுத்த தெருவில், ஒரே வகையான, வயதில் நெருங்கிய, பரப்பில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்படாத ஐந்து வீடுகளை எடுங்கள். ஒவ்வொன்றின் மதிப்பையும் பரப்பால் வகுத்து வரிசைப்படுத்துங்கள். சதுர அடிக்கு 62, 64, 65, 66, 71 என்று வருகிறது, உங்களுடையது 81 என்றால், நடுவில் நிற்கும் 65-ஐ விட உங்களுக்குச் சுமார் 25 சதவீதம் கூடுதல். சராசரி எடுக்காதீர்கள், ஒரே ஒரு பங்களா சராசரியைக் கெடுத்துவிடும். உங்களுக்குப் பாதகமான 71-ஐ மறைக்கவும் கூடாது. அதிகாரி அதைத் தானே கண்டுபிடித்தால் மற்ற நான்கையும் நம்பமாட்டார்.

இந்த ஒப்பீடு எல்லா ஊரிலும் செல்லாது. கலிபோர்னியாவில் 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13-ஆவது முன்மொழிவின்படி, வீடு கைமாறும் வரை மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. அதனால் ஒட்டி நிற்கும் இரட்டை வீடுகளில் ஒருவர் மற்றவரைப் போலப் பல மடங்கு கட்டுவது அங்கே சட்டப்படி சரி. இங்கிலாந்தில் இன்றும் 1991 ஏப்ரல் மதிப்பை வைத்துத்தான் வீடுகளைப் பட்டைகளாகப் பிரிக்கிறார்கள். வழக்கு உங்கள் பட்டையைப் பற்றியது, இன்றைய சந்தை விலையை எடுத்துக்கொண்டு போனால் பயனில்லை. உங்கள் ஊரின் முறை எது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மனு போடும் முன் மூன்று எச்சரிக்கைகள்.

- கெடு நாள் பெரும்பாலும் அறிவிப்பு தேதியிலிருந்தோ அது கையில் கிடைத்த நாளிலிருந்தோ ஓடும். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அஞ்சல் முத்திரைதான் உங்கள் சாட்சி.
- மேல்முறையீடு போட்டால் வரி கட்ட வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் கட்டினால்தான் மனுவையே எடுப்பார்கள். கட்டாவிட்டால் வட்டி ஓடும். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.
- பதிவில் ஏறாத மாடி அறை, மூடிய வராந்தா ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? மறு அளவீடு கேட்டால் அதுவும் சேர்ந்து அளக்கப்படும். மதிப்பைக் கூட்டும் அதிகாரமும் மேல்முறையீட்டு அதிகாரிக்குச் சில இடங்களில் உண்டு.

பட்ஜெட்டைப் படிப்பது

பட்ஜெட் புத்தகத்தில் மூன்று எண்கள் வரிசையாக இருக்கும்: முடிந்த ஆண்டின் நிஜக் கணக்கு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. பத்திரிகைச் செய்தி மூன்றாவதைப் பற்றியது. உங்களுக்கு வேண்டியது முதலாவது. ஐந்து ஆண்டு நிஜக் கணக்கை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள்.

பிறகு விலைவாசியையும் மக்கள்தொகையையும் கழியுங்கள். செலவு ஐந்து ஆண்டில் 50 சதவீதம் ஏறியிருக்கிறது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் ஐந்து ஆண்டில் 1.276, மக்கள்தொகை ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் 1.104. பெருக்கினால் 1.41. 1.5-ஐ அதனால் வகுத்தால் 1.065. அதாவது தலைக்கு உண்மையான உயர்வு ஆறரை சதவீதம் மட்டுமே. "ஊதாரிச் செலவு" என்ற குற்றச்சாட்டில் பாதி இந்தத் தாளிலேயே செத்துப்போகும். செத்துப்போகட்டும், மீதி பலமாக நிற்கும்.

இன்னொன்று, எந்தப் பணம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது. மேலிருந்து சாலைக்கென்று வந்த மானியத்தில் சம்பளம் கொடுக்க முடியாது. நீரூற்றுக்குச் செலவழித்ததைத் துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டால், "அது வேறு நிதி" என்று உட்கார வைத்துவிடுவார்கள். நிதியின் பெயரையும் நிபந்தனையையும் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

வீண் செலவு எங்கே ஒளியும்

சால்வையும் டீயும் விருந்தினர் மாளிகைப் பில்லும் பேச ருசியானவை, தொகை அற்பம். பணம் போவது வேலைகளிலும் ஒப்பந்தங்களிலும். ஓர் ஆண்டின் பணிப் பட்டியலை வாங்கித் தொகை வாரியாக அடுக்குங்கள். திறந்த டெண்டர் கட்டாயமாகும் வரம்புக்குச் சற்றுக் கீழே நிறைய வேலைகள் குவிந்திருந்தால், ஒரே வேலையைத் துண்டு போட்டிருக்கிறார்கள். தெருப் பெயர் வாரியாக மறுபடி அடுக்கினால் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரே ஒருவர் மட்டும் கலந்துகொண்ட டெண்டர்களையும், 100-க்குக் கொடுத்து 138-இல் முடிந்த வேலைகளையும் தனியாகக் குறியுங்கள்.

நிதியாண்டின் கடைசி மாதத்தில் மட்டும் பில்களில் 30 சதவீதம் பாஸானால், பன்னிரண்டில் ஒரு பங்கு 8.3 தான் என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் இயல்பாகவே ஒரே பருவத்தில் குவியும். வேலை முடிந்த தேதியையும் பில் தேதியையும் ஒப்பிட்டால் நிஜம் தெரியும்.

தெருவிளக்கு மின் கட்டணத்தை வீட்டிலிருந்தே சோதிக்கலாம். விளக்குகள் ஆண்டுக்குச் சுமார் 4,000 மணி நேரம் எரியும். 500 விளக்கு, ஒவ்வொன்றும் 100 வாட் என்றால் 2 லட்சம் யூனிட். பில்லில் 3 லட்சம் இருந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: பகலிலும் எரிகிறது, பழைய வாட் கணக்கிலேயே இன்னும் பில் போடுகிறார்கள், இல்லையென்றால் யாரோ கொக்கி போட்டிருக்கிறார்கள். வண்டிகளுக்குப் பயணப் பதிவேடும் டீசல் கணக்கும் போதும்.

ஒரு சாலையை எடுத்துக் கணக்குப் போடுவது

எல்லாவற்றையும் பிடிக்க முயலாமல் ஒரே ஒரு தெருவை எடுங்கள். எஸ்டிமேட்டில் 600 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் கனத்துக்குத் தார்க் கலவை என்று இருக்கிறது. 600 × 5 × 0.04 = 120 கன மீட்டர். அழுத்திய கலவை கன மீட்டருக்குச் சுமார் 2.35 டன். ஆக 282 டன் வந்திருக்க வேண்டும். லாரிக்கு 15 டன் என்றால் 19 லோடு. எடைச் சீட்டுகளைக் கூட்டினால் 11 லோடு, 165 டன்தான் வருகிறது. திருப்பிக் கணக்குப் போடுங்கள்: 165-ஐ 2.35-ஆல் வகுத்து, 3,000 சதுர மீட்டரால் வகுத்தால் 23 மில்லிமீட்டர். 40-க்குப் பணம், 23-க்குச் சாலை. பள்ளம் நிரப்பியதில் போய்விட்டது என்று பதில் வரும். பள்ளம் இருந்தால் 282-க்கு மேலே போயிருக்க வேண்டுமே தவிரக் கீழே வராது.

பழைய சாலையைச் சுரண்டியதற்குத் தனிப் பணம் போட்டிருந்தால், ஓரத்தில் நடைபாதைக் கல்லுக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தைப் பாருங்கள். சுரண்டிப் போட்ட சாலை பழைய மட்டத்திலேயே நிற்கும். சுரண்டாமல் மேலே போட்டது வீட்டு வாசலை நோக்கி ஏறியிருக்கும். பாதாளச் சாக்கடை மூடி குழிக்குள் இறங்கியது போலத் தெரிந்தாலும் அதே கதைதான். அடிக்கோலை நிறுத்தி வைத்து, தேதியோடு படம் எடுங்கள். நீங்களே சாலையைத் தோண்டிப் பார்க்காதீர்கள். பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு உங்கள் மேல் திரும்பும். மாதிரி வெட்டி எடுத்துக் கனம் பார்க்கும் சோதனையை அலுவலகமே செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆவணம் கேட்பது எப்படி

"ஏன் வீணடித்தீர்கள்?" என்று கேட்டால் "கருத்து கேட்பது தகவல் ஆகாது" என்று கடிதம் வரும். பெயர் சொல்லி ஆவணம் கேளுங்கள்: இன்ன தெருவில் இன்ன ஆண்டில் நடந்த சாலைப் பணியின் எஸ்டிமேட், பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் (முடிந்த வேலையை அதிகாரி அளந்து எழுதும் பதிவேடு) தொடர்புடைய பக்கங்கள், கலவை லாரிகளின் எடைச் சீட்டுகள், கனச் சோதனை முடிவு, பில்கள், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுதை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம்) முடியும் தேதி. ஒரு மனுவுக்கு ஒரு தெரு. பத்து ஆண்டுக் கணக்கைக் கேட்டால் கட்டுக்கட்டாக நகல் கட்டணம் கேட்டுச் சோர வைப்பார்கள்.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கோப்பை நேரில் பார்க்கவும், நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரி கேட்கவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. இதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. அளவுப் புத்தகம் வந்ததும் முதலில் தேதிகளைப் பாருங்கள். ஒரே அதிகாரி ஒரே நாளில் ஊரின் நாலு மூலையிலும் பல கிலோமீட்டர் அளந்திருந்தால், அவர் மேசையில் உட்கார்ந்து அளந்திருக்கிறார்.

தணிக்கை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டு அறிக்கையை அடுக்கினால் தணிக்கையாளர் எழுப்பிய அதே ஆட்சேபம் மூன்று முறையும் "நிலுவை" என்று நிற்பதைக் காணலாம். உங்கள் சந்தேகத்தை ஏற்கெனவே அரசுத் தணிக்கையாளரே எழுதியிருந்தால் நீங்கள் நிரூபிக்க வேண்டியது மிகக் குறைவு.

எப்போது, எங்கே பேசுவது

பட்ஜெட் நிறைவேறும் நாளில் போய்ப் பேசுவது கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்ப்பது போல. துறைகள் தங்கள் தேவைப் பட்டியலைக் கொடுக்கும் காலம் அதற்குப் பல மாதம் முன்னால். அப்போதே எழுதிக் கொடுங்கள். பிரேசிலின் போர்டோ அலெக்ரே நகரில் 1989-ல் தொடங்கிய மக்கள் பங்கேற்பு பட்ஜெட்டில் குடியிருப்புப் பகுதிக் கூட்டங்கள் வரைவுக்கு முன்பே நடந்தன.

கூட்டத்தில் கிடைப்பது மூன்று நிமிடம். ஒரு பக்கத் தாள், ஒரு கணக்கு, ஒரு கோரிக்கை. "ஊழலை ஒழியுங்கள்" என்பதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "இந்தத் தெருவின் கனச் சோதனை முடிவு வரும் வரை ஒப்பந்ததாரரின் வைப்புத் தொகையை விடுவிக்காதீர்கள்" என்றால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும், அது நடவடிக்கைக் குறிப்பிலும் ஏறும். தாளின் நகலைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் தெருவில் நடந்து, பெயர்ந்த இடங்களைப் படத்தோடு எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதி வரை பழுதை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். மறுநாளிலிருந்து அதே பள்ளம் அடுத்த ஆண்டு எஸ்டிமேட்டில் புதிய வேலையாக வரும்.