பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஒரிஜினல் ரிம்: சாயம் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ரிம்தானே அண்ணே, வெள்ளை அடிச்சுக் குடுத்துடலாம்.” பூச்சோங் பக்கம் ஒரு ஸ்ப்ரே கடையில் இப்படிச் சொன்னார்கள். நானும் சரி என்றேன். கார் 1996 ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர், 15 அங்குல ஒரிஜினல் ரிம். நான்கையும் மாட்டி வெயிலுக்குக் கொண்டுவந்ததும் வயிறு கலங்கியது. ரிம் மட்டும் நீலம் போட்டு வெளுத்த வேட்டி மாதிரி நிற்க, அதன் பக்கத்தில் கார் கழுவாத கார் போலத் தெரிந்தது.

அந்தக் காரின் நிறம் சாதாரண வெள்ளை இல்லை. சாம்பியன்ஷிப் வொயிட், ஹோண்டாவின் நிறக் குறியீடு (கோட்) என்எச்0. 1965 மெக்சிகோ கிராண்ட் பிரியில் ஹோண்டாவுக்கு முதல் ஃபார்முலா 1 பந்தய வெற்றியைத் தந்த ஆர்ஏ272 காரின் நிறத்தை நினைவில் வைத்து வந்தது. கிட்டத்தட்ட தந்த நிறம். மஞ்சள் லேசாக ஓடும். கடையில் டப்பாவில் இருக்கும் வெள்ளையை அடித்தால் நாலு தெரு தள்ளி நின்றாலும் வித்தியாசம் தெரியும்.

சரி, கோட் தெரிந்துவிட்டது, அதைக் கலக்கச் சொன்னால் போதுமா? இதுதான் அடுத்த தவறு. கோட் என்பது தொழிற்சாலையில் இருந்து வந்த அன்றைய நிறம். உங்கள் கார் கோலாலம்பூர் வெயிலில் எத்தனை வருடம் நின்றிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. உடம்புச் சாயம் இன்னும் ஒரிஜினல் என்றால், முன் ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகடு) பாலிஷ் போட்டு அழுக்கு எடுத்துவிட்டு, அதைப் பார்த்துத்தான் ரிம்மைக் கலக்க வேண்டும் என்பது என் கட்சி. ரிம் ஒட்டி நிற்பது அதன் பக்கத்தில்தானே. காரை முழுசாகத் திரும்ப அடிக்கப் போகிறீர்கள் என்றால் கோட்டையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ரிம்மின் பழைய நிறத்தையும் தேடிப் பாருங்கள். நடு மூடியைக் கழற்றினால் உள்விளிம்பில் வெயிலும் பிரேக் தூசியும் படாத ஒரு வளையம் இருக்கும். என் ரிம்மில் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு அப்படி ஒரு கீற்று மிஞ்சியிருந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் புதுத் தேங்காய்ப்பால் மாதிரி ஒரு வெள்ளை. அதைச் சுரண்டி எடுப்பதற்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தேன். இரண்டாவது கடையில் நிறம் கலக்க அந்தக் கீற்றும் ஃபெண்டரும்தான் கைகொடுத்தன.

கலந்ததை நேராக ரிம்மில் அடிக்க விடாதீர்கள். ஒரு அட்டையில் அதே பிரைமர் (அடிப்பூச்சு), அதே சாயம், அதே கிளியர் (மேலே அடிக்கும் நிறமில்லாப் பூச்சு) அடித்து, காய்ந்த பிறகு பாருங்கள். கடைக்குள் டியூப் லைட்டில் ஒத்துப்போகும் இரண்டு வெள்ளைகள் வெளியே வந்ததும் பிரிந்து போகும். நான் அட்டையை ஃபெண்டரில் ஒட்டி மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தரம் பார்த்தேன். மூன்றாவது அட்டையில்தான் நிறம் ஒத்துப்போனது. பிரைமரின் நிறமும் முக்கியம். சாம்பல் பிரைமர் மேல் மெல்லிசாக அடித்த வெள்ளை சோர்ந்து தெரியும்.

வெள்ளி நிற ரிம் என்றால் கஷ்டம் இன்னும் அதிகம். ஈரமாக அடித்தால் உலோகத் துகள் கீழே படிந்து நிறம் கருக்கும்; காய்ந்த மாதிரி அடித்தால் வெளுக்கும். அதனால் ஒரு ரிம்மை மட்டும் ரிப்பேர் செய்து மற்ற மூன்றோடு ஒத்துப்போக வைப்பது பெரும்பாலும் நடக்காது. நான்கையும் ஒரே நாளில், ஒரே ஆள், ஒரே கன் பிரஷரில் அடிக்கட்டும்.

பவுடர் கோட்டிங், அதாவது சாயப் பொடியைத் தூவி சூட்டில் வேகவைக்கும் பூச்சு, உறுதியானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறம் பொருத்த அது உதவாது. திரவச் சாயம் மாதிரி இரண்டு பவுடரைக் கலந்து இடைநிறம் எடுக்க முடியாது. புள்ளி புள்ளியாகத் தெரியும். இன்னொன்று சூடு. வார்ப்பு அலுமினிய ரிம்களுக்கு உறுதி தர பொதுவாக 160 டிகிரி சுற்றுவட்டாரத்தில் பதப்படுத்துவார்கள். பவுடர் வேகுவதோ வழக்கமாக 180 முதல் 200 டிகிரியில். அளவோடு ஒரு தரம் என்றால் பரவாயில்லை. அதிக நேரம், திரும்பத் திரும்ப என்றால் அந்த உறுதி குறைந்துபோகும். உலு யாம் மலைப்பாதை வளைவுகளில் ஓட்டுகிற காருக்கு அந்த ஆபத்து எதற்கு?

பழைய சாயத்தை எடுக்க காஸ்டிக் சோடா தொட்டியில் போடுகிறோம் என்றால் ரிம்மைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இரும்பு தாங்கும்; அலுமினியத்தை அது தின்னும். முரட்டு மணல் அடிப்பதும் வேண்டாம். பின்னால் வார்த்திருக்கும் ஜேடபிள்யூஎல் (ஜப்பானிய அலாய் ரிம் தர) முத்திரை, அளவு எழுத்து எல்லாம் மழுங்கிவிடும்; சேகரிப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். சாயம் உரிந்ததும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிரைமர். பழைய போர்ஷே 911-இன் ஃபுக்ஸ் ரிம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் மின்னும் பகுதியில் இருப்பது சாயமில்லை, அனோடைஸ் (மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேலேயே உண்டாக்கும் மெல்லிய படலம்). கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்று தேய்த்தால் அது போய்விடும்.

டயர் கடையில் பூசும் பளபளப்பு எண்ணெயில் பெரும்பாலும் சிலிக்கோன் உண்டு. சரியாகத் துடைக்காமல் அடித்தால் சாயம் விலகி மீன்கண் மாதிரி குழி விழும். மழை கட்டிக்கொண்டு வரும் மத்தியானத்தில் வேகமாகக் காயும் தின்னர் (சாயத்தை நீர்க்க வைக்கும் திரவம்) போட்டு அடித்தாலும் ஈரம் இறங்கி சாயம் பால் படிந்த மாதிரி மங்கும். நம் ஊர் காற்றுக்கு மெதுவாகக் காயும் தின்னர்தான். கடைக்காரர் நாளைக்கு அடிக்கலாம் என்றால் அவசரப்படுத்தாதீர்கள்.

கடைசியாகச் சொல்வது அழகைப் பற்றியது இல்லை, உயிரைப் பற்றியது. நட் உட்காரும் குழியிலும், ஹப்போடு (ரிம் மாட்டும் மையப்பகுதி) ஒட்டும் பின்பக்கத்திலும் தடித்த சாயம் இருக்கக் கூடாது. இறுக்கிய பிறகு அந்தச் சாயம் நசுங்கி நட் தளரும். முதல் கடை என் ரிம்மில் அங்கேயும் அடித்திருந்தது. ஒரு வாரத்தில் இரண்டு நட் கையிலேயே சுற்றியது. அந்த இடங்களை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். ஹோண்டாவின் ஒரிஜினல் ரிம்முக்கு உருண்டை அடி நட்தான் பொருந்தும். கடையில் கிடக்கும் கூம்பு நட்டைப் போட விடாதீர்கள். 108 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு தரம் பாருங்கள். இரண்டாவது கடை அடித்த பிறகு நான் செந்தூலில் வீட்டு வாசலில் உட்கார்ந்து பதினாறு நட்டையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எதுவும் நகரவில்லை.