கண்காணிப்பு ஏஜெண்டுக்குப் போர்ட் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருளை நிறுவுவது பெரிய வேலை இல்லை. அதற்கான போர்ட்டை, அதாவது நெட்வொர்க் இணைப்பு வந்துசேரும் எண்ணிட்ட வாசலை, ஒழுங்காக அமைப்பதில்தான் பாதி நாள் கரைந்துவிடுகிறது. போர்ட் எண்ணில் தடுமாறுபவர்கள் குறைவு; கையேட்டின் முதல் பக்கத்திலேயே அது இருக்கும். இணைப்பை யார் தொடங்குகிறார்கள், எந்த முகவரியில் அதற்காகக் காத்திருக்கிறார்கள், இடையில் எது மறிக்கிறது என்பவற்றை யோசிக்காமல் கை வைப்பதால்தான் பெரும்பாலான கோளாறுகள் வருகின்றன.

முதலில் திசை. சாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் ஏஜெண்ட் (கண்காணிக்கப்படும் கணினியில் ஓடும் சிறு நிரல்) 10050 என்ற டிசிபி (முதலில் கைகுலுக்கி இணைப்பை உறுதிசெய்யும் நெறிமுறை) போர்ட்டிலும், தகவலைத் திரட்டும் மைய சர்வர் 10051-லும் காத்திருக்கும். பாசிவ் முறையில் மைய சர்வர் ஏஜெண்டைத் தேடிச் சென்று தகவல் கேட்கும். எனவே கண்காணிக்கப்படும் கணினியில் 10050 திறந்திருக்க வேண்டும். ஆக்டிவ் முறையில் ஏஜெண்ட் தானாகவே மைய சர்வரை அழைக்கும். அப்போது திறக்க வேண்டியது மைய சர்வரின் 10051. இந்த வேறுபாடு பிடிபடாதவர்கள் இரண்டு போர்ட்டையும் இரண்டு பக்கமும் திறந்துவிடுகிறார்கள். வேலை நடக்கத்தான் செய்யும். ஆனால் எந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்பது கொஞ்ச நாளில் யாருக்கும் நினைவிருக்காது. காரணம் தெரியாத விதியை நீக்க யாருக்கும் துணிவும் வராது. கண்காணிக்கப்படும் கணினி நாட் ரவுட்டருக்குப் (பல கணினிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் கருவி) பின்னால் இருந்தால், உள்ளே வருவதற்கு வழி வெட்டிக்கொண்டிருப்பதை விட ஆக்டிவ் முறைக்கு மாறுவதே எளிது.

நெட்வொர்க் கருவிகளிடம் நிலவரம் கேட்க உதவும் எஸ்என்எம்பி நெறிமுறையில் இதே குழப்பம் இன்னொரு வடிவில் வருகிறது. கேள்வி போவது கருவியின் 161-க்கு. கருவி தானாக அனுப்பும் டிராப் செய்தி வந்து சேர்வது கண்காணிப்பு சர்வரின் 162-க்கு. வழக்கமாக இரண்டுமே யுடிபி, அதாவது இணைப்பை உறுதிசெய்யாமலே செய்தியை அனுப்பிவிடும் நெறிமுறை. பழக்கதோஷத்தில் டிசிபி 161-ஐத் திறந்துவிட்டுப் பதில் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் உண்டு. யுடிபி போர்ட்டை நெட்கேட் என்ற சோதனை நிரல் கொண்டு சோதித்து, அது 'வெற்றி' என்று சொன்னதை அப்படியே நம்புவதும் ஆபத்து. யுடிபியில் கைகுலுக்கல் கிடையாது. மறுப்புச் செய்தி எதுவும் திரும்பி வராவிட்டால் திறந்திருப்பதாகவே நெட்கேட் எடுத்துக்கொள்ளும்; ஃபயர்வால் (நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் தடுப்பு) தரவுப் பொட்டலத்தைச் சத்தமின்றி விழுங்கியிருந்தாலும் அதே விடைதான் கிடைக்கும். எஸ்என்எம்பி கேள்வி ஒன்றை உண்மையாகவே அனுப்பிப் பார்ப்பதே சரியான சோதனை.

அடுத்தது முகவரி. ஏஜெண்ட் 127.0.0.1-இல் (கணினி தன்னைத்தானே குறிக்கும் முகவரி) மட்டும் காத்திருந்தால், ஃபயர்வாலை முழுக்கத் திறந்தாலும் வெளியிலிருந்து அதை எட்ட முடியாது. 0.0.0.0 என்று வைத்தால், இணையத்தை நோக்கிய முகவரி உட்பட அந்தக் கணினியின் ஐபிவி4 முகவரிகள் எல்லாவற்றிலும் கேட்கும். புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்குக் கணினியின் நிலவரத்தைத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர், நாம் எதையும் மாற்றாவிட்டால், 9100 போர்ட்டில் எல்லா முகவரிகளிலும், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் தகவல் தரும். கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிப்பு, வட்டு அமைப்பு, நெட்வொர்க் இடைமுகங்கள் என்று நோட்டம் விட வருபவருக்குத் தேவையானது அத்தனையும் அங்கே இருக்கும். உள் நெட்வொர்க்கின் முகவரியில் மட்டும் கேட்குமாறு அமைப்பதும், கண்காணிப்பு சர்வரின் ஐபிக்கு மட்டும் வழிவிடுவதும் கட்டாயம். போர்ட் எண்ணை மாற்றிவைத்தால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். போர்ட் ஸ்கேனர்கள் அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் வந்த பிறகு இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிவிட்டது. லினக்ஸில் டாக்கர் ஒரு போர்ட்டை வெளியிடும்போது தன் சொந்த ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதிகளைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் போக்குவரத்து யுஎஃப்டபிள்யூ என்ற எளிய ஃபயர்வால் கருவியின் வழக்கமான உள்வரும் விதிகளின் வழியாகப் போவதே இல்லை. ஃபயர்வாலில் புரோமிதியஸின் 9090 மூடியிருப்பதாகப் பட்டியல் காட்டும். வெளியிலிருந்து பார்த்தால் புரோமிதியஸ் பக்கம் அழகாகத் திறக்கும். வெளியிடும்போதே 127.0.0.1 என்ற முகவரியையும் சேர்த்துக் கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம். டாக்கருக்குள் ஓடும், தகவலை வரைபடமாகக் காட்டும் கிராஃபானாவிடம் 'லோக்கல்ஹோஸ்ட் 9090' என்று சொல்வது இதற்கு நேரெதிரான தவறு. அந்தக் கன்டெய்னருக்கு லோக்கல்ஹோஸ்ட் என்பது அதுவேதான். புரோமிதியஸ் அங்கே இல்லை. இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் வைத்து, கன்டெய்னரின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும்.

இணைப்பு கிடைக்காதபோது ஃபயர்வாலை மொத்தமாக நிறுத்திப் பார்ப்பது பலருடைய முதல் வேலை. 'சோதனைக்காக' என்று நிறுத்தப்பட்ட ஃபயர்வால்கள் எத்தனை மறுபடி எழுந்தன என்று கேட்டால் பதில் வருத்தமாகத்தான் இருக்கும். அதற்கு முன் பிழைச் செய்தியைப் படிக்கலாம். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், பொட்டலம் பெரும்பாலும் கணினி வரை போய்விட்டது, அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்று பொருள். நெடுநேரம் காத்திருந்து காலாவதியானால், வழியில் ஏதோ ஒன்று பொட்டலத்தைக் கைவிடுகிறது. கிளவுடில் அது கணினிக்கு வெளியே உள்ள 'பாதுகாப்புக் குழு' (செக்யூரிட்டி குரூப்) என்ற ஃபயர்வால் அமைப்பின் விதியாகவும் இருக்கலாம். ஃபயர்வால்டி என்ற லினக்ஸ் ஃபயர்வால் சேவையைப் பயன்படுத்துவோர் நிரந்தர விதியைச் சேர்த்துவிட்டு ரீலோட் செய்ய மறப்பதும், நிரந்தரம் என்று குறிக்காமல் சேர்த்த விதி மறுதொடக்கத்தில் காணாமல் போவதும் அன்றாடக் கதை.

போர்ட் மோதல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காக்பிட் (உலாவி வழியாக லினக்ஸ் சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்), புரோமிதியஸ் இரண்டுமே 9090-ஐ விரும்புகின்றன. காக்பிட் நிறுவப்பட்ட கணினியில் அந்தப் போர்ட்டைப் பிடித்திருப்பது யார் என்று பார்த்தால் சிஸ்டம்டி (லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் நிரல்) என்றே காட்டும். காக்பிட்டுக்காக அதுதான் அங்கே காத்திருக்கிறது; திகைக்க வேண்டாம். சொந்தமாக எண் தேர்ந்தெடுக்கும்போது 32768 முதல் 60999 வரை உள்ளவற்றை விட்டுவிடுங்கள். லினக்ஸ் தன் வெளிச்செல்லும் இணைப்புகளுக்குப் பொதுவாக அங்கிருந்துதான் தற்காலிக எண்களை எடுக்கிறது. நேற்று வரை ஓடிய ஏஜெண்ட், இன்று 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்லித் தொடங்க மறுப்பதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

போர்ட் திறந்திருந்தால் சேவை நலமாக இருக்கிறது என்று கொள்வதும் தவறு. டிசிபி கைகுலுக்கலை முடித்துவைப்பது கர்னல். மென்பொருள் உறைந்து கிடந்தாலும், காத்திருப்பு வரிசை நிரம்பும் வரை கர்னல் இணைப்புகளை ஏற்றுக்கொண்டே இருக்கும். ஆகவே உண்மையான கோரிக்கை ஒன்றை அனுப்பி, வரும் பதிலின் உள்ளடக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆக்டிவ் முறையில் இன்னொன்றும் சேர்கிறது: ஏஜெண்டின் வழி அடைபட்டால் மைய சர்வருக்கு இணைப்புப் பிழை எதுவும் வராது, தகவல் வருவது நின்றுவிடும், அவ்வளவுதான். குறிப்பிட்ட நேரம் தகவல் வராவிட்டால் எச்சரிக்கும் விதி ஒன்றை ஒவ்வொரு கணினிக்கும் எழுதி, ஏஜெண்டை வேண்டுமென்றே நிறுத்தி அந்த எச்சரிக்கை வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.